டிரம்ஸ் சேர்ந்தால் கதை போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபோக் ராக், அதாவது நாட்டுப்புறப் பாட்டுகளை மின் கிதார், டிரம்ஸோடு ராக் பாணியில் வாசிக்கும் இசை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரிட்டனின் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ‘லீஜ் அண்ட் லீஃப்’ ஆல்பத்தை ஒரே பத்தியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். பழைய நாட்டுப்புறப் பாட்டுகளை கிதாரும் டிரம்ஸும் அமுக்கிவிட்டனவாம், அதனால்தான் அது அப்போது எடுபடவில்லையாம். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதினாரா என்று சந்தேகமாக இருக்கிறது.

எடுபடவில்லை என்பதே சரியில்லை. 1969 டிசம்பரில் வந்த ஆல்பம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடம் வரை போய், 15 வாரம் பட்டியலில் இருந்தது. அதே ஆண்டில் வந்த முந்தைய ஆல்பம் 12ஆம் இடத்தைத் தொட்டது உண்மைதான். ஆனால் இந்த ஆல்பம் கடைக்கு வருவதற்குள் பாடகி சாண்டி டென்னியும் பாஸ் கிதார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸும் குழுவை விட்டே போயாயிற்று, புதுப் பாட்டுகளை மேடை மேடையாகப் பாடிக்காட்ட பாடகியே இல்லை, அந்த நிலையில் 17 என்பது சாதாரணமா? ஹட்சிங்ஸுக்கு இன்னும் ஆழமாகப் பழைய பாட்டுக்குள் போக வேண்டும், டென்னிக்குச் சொந்தப் பாட்டு எழுத வேண்டும். ஆக பழையதா புதியதா என்று இன்று கட்டுரையாளர் கிளப்புகிற சண்டை அன்றைக்கே குழுவுக்குள் நடந்து முடிந்துவிட்டது.

அந்த ஆண்டு மே மாதம் அவர்களுடைய வேன் எம்1 நெடுஞ்சாலையில் கவிழ்ந்து, 19 வயது டிரம்மர் மார்ட்டின் லாம்பிளும் கிதார் வாசித்த ரிச்சர்ட் தாம்ஸனின் தோழியும் இறந்துபோனதைக் கட்டுரை சொல்லவே இல்லை. அப்புறம்தான் ஹாம்ப்ஷயரில் ஒரு வீட்டில் கூடி, டேவ் மேட்டக்ஸை டிரம்ஸுக்கும் டேவ் ஸ்வார்பிரிக்கை வயலினுக்கும் சேர்த்துக்கொண்டு, ஹட்சிங்ஸ் லண்டனில் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் செசில் ஷார்ப் ஹவுஸில் தேடியெடுத்த பழம்பாட்டுகளோடு புதிதாகத் தொடங்கினார்கள்.

சரி, டிரம்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ‘மேட்டி க்ரோவ்ஸ்’ எட்டு நிமிடப் பாட்டு. பிரபுவின் மனைவி ஓர் இளைஞனை வீட்டுக்கு அழைத்துப்போகிறாள், வேலைக்காரன் ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறான், பிரபு வந்து இருவரையும் கொல்கிறான். கொன்ற பிறகும் அவனுக்கு அந்தஸ்து மறக்கவில்லை, இருவரையும் ஒரே குழியில் போடுங்கள், ஆனால் என் மனைவி மேலே இருக்கட்டும், அவள் பெரிய இடத்துப் பெண் என்கிறான். சாண்டி டென்னி இதைக் குரலைக்கூட உயர்த்தாமல் பாடுகிறார். கதை முடியும்வரை மேட்டக்ஸின் டிரம்ஸ் அவர் சொல்கிற கதைக்குப் பின்னாலேயே நடக்கிறது, ஒரு சொல் மேலும் ஏறி மிதிப்பதில்லை. கதை முடிந்த பிறகுதான் வயலினும் கிதாரும் கட்டவிழ்த்துக்கொண்டு ஓடுகின்றன. எங்கே அமுக்கினார்கள்? ‘டாம் லின்’ பாட்டில் கிதார் முரட்டுத்தனமாக வெட்டி வெட்டி விழுகிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தேவதைகளின் ராணியிடமிருந்து ஒருவனை மீட்கும் கதைக்கு மென்மையாகவா வாசிக்க முடியும்?

ஆல்பத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. முதல் பாட்டு ‘கம் ஆல் யே’ எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, வாத்தியக்காரர்களை வரிசையாக அறிமுகம் செய்துகொண்டே போகிறது. ஆனால் கடைசியில் வரும் ‘க்ரேஸி மேன் மைக்கேல்’ பழம்பாட்டே இல்லை, வரிகள் தாம்ஸனுடையவை, மெட்டு ஸ்வார்பிரிக்குடையது. தெரியாமல் கேட்பவர் முந்நூறு வருஷத்துப் பாட்டு என்று சத்தியம் செய்வார். பழையதைக் கெடுத்தவர்களால் இப்படி ஒன்றை எழுத முடியுமா?

2006இல் பிபிசி ரேடியோ 2 ஃபோக் விருதுகளில், எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய ஃபோக் ஆல்பமாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இதுதான். கட்டுரையில் அதற்கும் இடமில்லை.

தொடர் அடுத்த வாரமும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். ‘ஸ்டீல்-ஐ ஸ்பான்’ என்கிற இன்னொரு ஃபோக் ராக் குழுவைப் பற்றி எழுதுவதாக இருந்தால், அதைத் தொடங்கியவர் இதே ஹட்சிங்ஸ்தான் என்பதையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்