மட்டைக்கு முன் முத்திரை வாங்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

சின்னவனின் பிறந்தநாளுக்கென்று நம் சுழல்பந்து வீரர் முரளிதரன், அதுதான் நம் முரளி, கையொப்பமிட்ட கிரிக்கெட் மட்டை ஒன்றை இணையத்தில் பார்த்துப் படம் அனுப்பியிருந்தாய். சான்றிதழும் தருகிறார்களாம். புள்ள, மட்டையில் பொய்க் கையொப்பம் போடத் தெரிந்தவனுக்குச் சான்றிதழில் போட எவ்வளவு நேரம் செல்லும்? அமெரிக்காவின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. இந்த வியாபாரத்தைத் துருவியபோது அன்னை தெரேசா கையொப்பமிட்ட பேஸ்போல் பந்துகூட அகப்பட்டது. அந்த அம்மாவுக்கும் பேஸ்போலுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?

சின்னவனே முரளிக்குக் கடிதம் எழுதிக் கையொப்பம் கேட்கட்டும்.

1984 இல் நான் ஆஸ்திரேலியாவின் பழைய துடுப்பாட்ட வீரர் பிராட்மனுக்கு அப்படித்தான் எழுதினேன். அடிலெய்டில் இருந்தார், ரசிகர்களின் கடிதத்துக்குப் பதில் போடுகிற மனிதர் என்று பெயர். 1948 இல் இங்கிலாந்து போகிற வழியில் அவருடைய அணி கொழும்பில் ஓர் ஆட்டம் ஆடியது. உன் அப்பப்பா இரவு ரயிலில் போய்ப் பார்த்தவர். பிராட்மன் 20 ஓட்டத்தோடு அவுட். அப்புறம் அளந்து பார்த்தால் ஆடுகளமே இருக்க வேண்டிய 22 கெஜம் இல்லை, 20 கெஜம்தானாம்! "உங்கள் 20 ஓட்டத்துக்காக என் அப்பா இரவு முழுக்க ரயிலில் நின்றுகொண்டு வந்தார்" என்று எழுதினேன். அவ்வளவுதான் கடிதம். கூடவே அவர் கையொப்பமிடப் பத்திரிகையில் வெட்டிய அவர் படம் ஒன்று, அது மடங்காமலிருக்க ஒரு காட்போட் துண்டு, என் முகவரி எழுதிய உறை. நம் முத்திரை அங்கே செல்லாதே, ஆகவே தபால் கந்தோரில் சர்வதேசப் பதில் கூப்பன் வாங்கி வைத்தேன். அந்த நாளில் அதைக் கொடுத்தால் அவர்கள் ஊரில் முத்திரை தந்தார்கள்.

நாலு மாதம் கழித்துத் தபால்காரர், "உங்கட கையெழுத்திலேயே உங்களுக்குக் காயிதம் வந்திருக்கு" என்று ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே நீட்டினார். கலியாணம் முடித்த புதிது. அம்மாவும் அப்படித்தான் பார்த்தாள்.

அந்தப் படம் சுனாமியோடு போனது உனக்குத் தெரியும். உறையின் நீல மை மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

நேரில் வாங்கினால் சந்தேகத்துக்கே இடமில்லை, சரி. கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் ஒரு முறை மூன்று மணி நேரம் வெயிலில் நின்றேன். வீரர் வந்தபோது கொப்பியைக் காணவில்லை. பஸ் டிக்கெட்டை நீட்டினேன். முகத்தைக்கூடப் பாராமல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். அது யார் போட்டது என்று நான் சொன்னால்தான் தெரியும்.

தபாலிலும் ஏமாற்று உண்டு. அச்சடித்த கையொப்பம் வரும், உதவியாளர் போட்டது வரும், இயந்திரப் பேனை போட்டதும் வரும். ஒரே ஆளின் இரண்டு கையொப்பங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். அச்சாகப் பொருந்தினால் கை போட்டதில்லை. மனிதக் கை இரண்டு தரம் ஒரே மாதிரிப் போடாது.

வீட்டு முகவரியைத் தேடித் திரிய வேண்டாம். வீரரின் கிரிக்கெட் கழகத்தின் முகவரிக்கே எழுதலாம். ஒரே ஒரு படம், அதுவும் தொலைந்தால் அழாத படமாக இருக்கட்டும். 800 விக்கெட் எடுத்தீர்கள் என்று முரளிக்கே சொல்ல வேண்டாம், அது அவருக்குத் தெரியும். 1998 இல் லண்டன் ஓவல் மைதானத்தில் அவர் 16 விக்கெட் எடுத்தபோது நீ வானொலிக்குப் பக்கத்தில் கணக்குக் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தாயே, அதை எழுதச் சொல்.

முதலில் எனக்கு ஒன்று எழுதிப் பழகட்டும். என் முகவரி எழுதிய உறையை இதோடு வைத்திருக்கிறேன். முத்திரை மட்டும் நீதான் வாங்கி ஒட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா