நீ பிறந்த வட்ட ஊர்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் கதைத்தது மனதுக்குள்ளேயே நிற்கிறது. 'அம்மா பிறந்த ஊர்' என்று பேரனைப் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "வட்டமான ஊர், சுற்றிவர மதில்" என்பதற்கு மேல் உனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை என்றாய். பிழை உன்னில் இல்லை. ஊர் என்றால் யாழ்ப்பாணம் என்று சொல்லியே உன்னை வளர்த்தேன், ஜேர்மனியில் நீ பிறந்த இந்த நேர்ட்லிங்கனைப் பற்றி ஒருநாளும் இருத்திவைத்துச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். அவனுக்கு நீயே வாசித்துக் காட்டு.

தேவாலயத்து டானியல் கோபுரம் நினைவிருக்குமே, 90 மீட்டர் உயரம், 350 படி. மேலே நின்று பார்த்தால் வயல்வெளி தாம்பாளம் மாதிரித் தட்டையாகக் கிடக்கும். தூரத்தில் சுற்றிவரக் குன்றுகள் தெரியும். அந்தக் குன்றுகள்தான் விளிம்பு. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரு கிலோமீட்டருக்கும் பெரிய விண்கல் ஒன்று வந்து விழுந்து தோண்டிய பள்ளம் இது. குறுக்கே சுமார் 25 கிலோமீட்டர். பிறகு அதில் ஏரி நின்று, சேறு படிந்து, இன்றைக்கு நல்ல விளைநிலம். ரீஸ் என்று பெயர். ஒன்றைப் பேரனிடம் மறக்காமல் சொல்லு: பள்ளம் வட்டம் என்பதால் மதிலும் வட்டமாக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. பள்ளம் மிகப் பெரிது, ஊர் அதற்குள் ஒரு சின்னப் புள்ளி.

1960 வரை பெரும்பாலானவர்கள் இதை எரிமலை என்றே நம்பினார்கள். ஷூமேக்கர், சாவோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இங்கத்தைக் கல்லில் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். பயங்கரமான அழுத்தம் இல்லாமல் அது உண்டாகாது. சரி, அந்தக் கல் எது தெரியுமா? தேவாலயச் சுவர்! சின்ன வயதில் நீ நகத்தால் சுரண்டுவாயே, சாம்பல் நிறத்தில், நடுவில் கறுப்புக் கண்ணாடித் துண்டுகள் புதைந்தது, அதேதான். சூவைட் என்பார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வைரத்துகள்களும் உண்டு. 1970இல் அப்பல்லோ 14 சந்திரப் பயணத்துக்கு முன் அலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் கற்களைப் படிக்க இங்கே வந்தார்கள். அவன் வந்தால் அருங்காட்சியகத்தில் சந்திரக்கல்லைக் காட்டுவேன்.

மதில் 14ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 2.7 கிலோமீட்டர், ஐந்து வாசல், மேலே கூரை போட்ட நடைபாதை. மழையிலும் முழுச் சுற்று நடக்கலாம். அந்தக் காலத்தில் இது சந்தையால் செழித்த பட்டணம், பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டது. முப்பதாண்டுப் போரில், 1634இல், ஊர் சுவீடன் பக்கம் நின்றதால் பேரரசரின் படையே அதை முற்றுகையிட்டது. பசி, கொள்ளைநோய். காப்பாற்ற வந்த சுவீடன் படை செப்டம்பர் 6ஆம் திகதி பக்கத்துக் குன்றுகளில் தோற்றது. ஊர் சரணடைந்தது. அதற்குப் பிறகு பழைய வியாபாரம் திரும்பி வரவில்லை. மற்ற ஊர்கள் மதிலை இடித்துப் பெருத்தபோது இது அப்படியே கிடந்தது. இன்று வருகிறவர்கள் அழகு என்று படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்த மதிலைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே அடைபட்டுக் கிடந்த சனம்தான் நினைவுக்கு வரும்.

மரியா ஹோல் என்ற விடுதிக்காரியைப் பற்றியும் சொல்லவேண்டும். சூனியக்காரி என்று பிடித்து 50க்கும் மேற்பட்ட தடவை சித்திரவதை செய்தார்கள். கடைசிவரை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. 1594இல் விட்டார்கள். இதை நீ மட்டும் வாசி, அவன் சின்னப் பிள்ளை.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். ஒருநாள் இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து தனியாக நடந்து வருகிறேன், இருட்டுக்குள் மேலே இருந்து ஒரு ஆண்குரல் நீட்டிக் கூப்பிட்டது. நான் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இரவில் யாரும் கத்தினால் ஓடிப் பழகிய உடம்பு. அடுத்த நாள் முதலாளி சொன்னார், அது கோபுரக் காவல்காரர். "ஸோ, க்ஸெல், ஸோ!" என்று பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை அரை மணிக்கு ஒருதரம் கூப்பிடுவார். அதற்குக் கதையும் உண்டு. 1440இல் எதிரியிடம் காசு வாங்கிய காவலர்கள் லோப்சிங்கர் வாசலைத் தாழ்போடாமல் விட்டார்களாம். ஒரு பன்றி முதுகை உரசக் கதவு அசைந்ததாம். அதைக் கண்ட பெண் போட்ட சத்தம்தான் அது என்கிறார்கள். ஊர் விழித்திருக்கிறது, நீ படு என்று சொல்லும் குரல் என்று விளங்கிய பிறகுதான் எனக்கு இங்கே நிம்மதியாக நித்திரை வந்தது. நீ பிறந்த இரவும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் அதைக் கேட்டேன்.

இன்றைக்கு இரவு கோபுரத்தடியில் நின்று அதைக் கைப்பேசியில் பதிந்து அனுப்புகிறேன். காற்று அடித்தால் சரியாகக் கேட்காது. அப்படியென்றால் நாளைக்கும் போவேன்.

அன்புடன்,
அப்பா