சோலை ஓரத்தில் விழுந்த மரங்களை அகற்றாமல், பவளப் பாம்பைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
லாங்வுட் சோலையை ஒட்டி ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி, ஊர் மக்கள் சார்பாக,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
நீலகிரி வனக் கோட்டம், உதகமண்டலம்.

பொருள்: சோலை ஓரத்துச் சருகையும் உளுத்த மரங்களையும் விட்டுவைக்கவும், பவளப் பாம்பு பற்றித் தோட்டத் தொழிலாளர்களுக்கு விளக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற ஆனி மாத மழையில், கவாத்து முடிந்த என் தோட்டத்தின் மேற்கு எல்லையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தோம். உளுத்துப்போன ஒரு மரத்தை என் அக்கா மகன் புரட்டியபோது அடியில் பாம்பு ஒன்று நெளிந்தது. விரல் பருமன்கூட இல்லை. கறுத்த தலை, பழுப்பு முதுகில் நெடுகக் கருங்கோடுகள். "இருதலைப் பாம்புதான் மாமா, கடிக்காது" என்று கையை நீட்டிவிட்டான். அது உடலைத் திருப்பியதும் அடிவயிறு குங்குமம் கொட்டியதுபோல் செக்கச்செவேலென்று தெரிந்தது. அக்கா அலறினாள். யாரோ களைக்கொத்தியால் அடித்துவிட்டார்கள். நானும் தடுக்கவில்லை.

அது கோடிட்ட பவளப் பாம்பு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1862-இல் ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர் பெயரிட்டு விவரித்த, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இனம். நாகமும் கட்டுவிரியனும் சேர்ந்த அதே குடும்பம். முன்பக்கத்தில் அசையாத நச்சுப் பற்கள். நரம்பைத் தாக்கும் நஞ்சு. பகலெல்லாம் சருகுக்கும் கல்லுக்கும் அடியில் கிடக்கும். மழைக்காலத்தில்தான் அதிகம் கண்ணில் படும். நம் கண்முன் வந்தாலும் தப்பி ஒளியவே பார்க்கும். பவளப் பாம்புகளுக்குப் பெரும்பாலும் மற்றச் சிறு பாம்புகளே இரை.

சிக்கல் இங்குதான், ஐயா. எங்கள் மண்ணில் மண்புழு தின்று வாழும், நாங்கள் இருதலைப் பாம்பு என்று சொல்லும் கேடயவால் பாம்புகளும் உண்டு. அவற்றுக்கு நஞ்சு கிடையாது. தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாதவை. இரண்டையும் பிரித்தறியாததால் நஞ்சில்லாததை அடித்துக் கொல்கிறோம், நஞ்சுள்ளதைக் கையில் எடுக்கப் பார்க்கிறோம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டே தயாராகிறது. பவளப் பாம்பின் நஞ்சு அதில் இல்லை. இது மனிதரைக் கடிப்பது மிக அரிது என்றாலும், அன்று அந்தப் பையனின் கைக்கும் அதன் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

116 ஹெக்டேர் கொண்ட இந்தச் சோலை 2024-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. எங்கள் குடிநீரும் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் சோலையின் விளிம்பு ஆண்டுக்கு ஆண்டு வெறுமையாகிவருகிறது. விழுந்த மரத்தை விறகாக்குகிறோம், சருகை வாரி எரிக்கிறோம், பாதை சீரமைக்க வந்த ஒரு ஒப்பந்ததாரர் மிச்சமிருந்த கட்டைகளையும் ஜேசிபியால் தள்ளிவிட்டார். ஈரச் சருகு போனால் மண்புழு போகும். மண்புழு போனால் கேடயவால் போகும், பிறகு பவளப் பாம்புக்கு ஏது இரை?

ஆகவே, சோலையைச் சுற்றிலும் விழுந்த மரமும் சருகும் தொடப்படாத ஒரு பட்டையைத் தாங்கள் வரையறுத்து, கள ஊழியர்கள் மூலம் கண்காணிக்க வேண்டுகிறோம். எங்களில் இந்த விறகை நம்பியே அடுப்பெரிக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு மாற்று விறகுக்கு வழி காட்டாமல் தடை மட்டும் விதித்தால் அது நிற்காது. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், இலை பறிக்கும் பெண்கள் வேலை முடிந்து கூடும் எடைக் கொட்டகையிலேயே, இவ்விரு பாம்புகளின் பெரிய வண்ணப் படங்களுடன் ஒரு மணி நேரம் விளக்கம் தர ஆளனுப்ப வேண்டுகிறோம். துண்டறிக்கை மட்டும் போதாது. பலருக்கு எழுத்து தெரியாது. பாம்பைக் கண்டால் யாரை அழைப்பது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடுவதைவிட, ஒதுங்கி நின்று அதற்கு வழிவிடுவதே பவளப் பாம்புக்கு நல்லது என்பது எங்கள் எண்ணம்.

என் எல்லையில் கிடக்கும் மூன்று உளுத்த மரங்களை இனி நான் எடுப்பதில்லை என்று இம்மனு மூலம் உறுதியளிக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நால்வரும் சம்மதித்துக் கையொப்பமிட்டுள்ளனர். தாங்கள் நேரில் வந்தால் இடத்தைக் காட்டக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறு தேயிலை விவசாயி மற்றும் ஊர் மக்கள்