ரத்தம் கொடுத்துவிட்டு வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாட்ஸாப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலோடு முடித்துவிடுகிறாய். அதனால் தம்பியிடம் முருங்கைக்காயோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

கீமோவில் கொட்டிய முடி எனக்கு முளைத்துவிட்டது. சுருட்டையாக வருகிறது, அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. மார்புப் புற்றுநோய் திரும்பி வராமலிருக்கத் தினம் ஒரு டாமோக்சிபென் மாத்திரை, அவ்வளவுதான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

என் ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டை உனக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. நீல டிக் விழுந்துவிட்டது. வேலை அதிகம் போலிருக்கிறது. நீ டீம் லீடர் ஆனதைத் தெரு முழுக்கச் சொன்னவள் நான். அம்மாவிடம் பேசத்தான் டீம் லீடருக்கு நேரமில்லை.

ரிப்போர்ட்டில் இருக்கிற பிஆர்சிஏ2 என்பது ஒரு ஜீன். அதில் கோளாறு இருந்தால் மார்புப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். வியாதி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, பாப்பா. எனக்கு இருப்பது உனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் 25 வயதிலிருந்தே வருஷா வருஷம் மார்புக்கு எம்ஆர்ஐ ஸ்கேன், 30-க்கு மேல் மேமோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரேயும். இல்லையென்றால் அந்தக் கவலை விட்டது. தம்பி டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டான். ஆம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்றார் அப்பா. அவன் வழியாகவும் பிள்ளைகளுக்குப் போகும் என்று டாக்டரம்மா சொன்னதும் பேச்சில்லை. நீயும் போய்க் கொடுத்துவிட்டு வா. மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று நாள் தள்ளாதே.

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர் சொன்னார், முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்துவிட்டுத்தான் 1954-ல் அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தாராம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் சித்தி முதலில் என்னிடம்தான் காட்டினாள். கொல்லையில், துவைக்கிற கல் பக்கம். கொண்டைக்கடலை அளவுதான். வலிக்குதா என்றேன், இல்லை என்றாள். வலிக்கலைன்னா ஒன்றுமில்லை, பால் கட்டியிருக்கும், விளக்கெண்ணெய் தடவு என்றேன். வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்டணும் என்று எனக்கு அப்போது தெரியாது. அது கூடப் பரவாயில்லை. உன் சடங்குக்குப் பத்திரிகை அடித்திருந்தோம். அது முடியட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். சடங்கு முடிந்தது, ஆடி வந்தது, தீபாவளி வந்தது. அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சித்தப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மெரூன் பட்டுப்பாவாடை போட்டோவில் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நீ என்னிடம் பேச வேண்டாம். ரத்தம் கொடுத்ததும் அந்தக் கட்டைவிரலையே அனுப்பு. முருங்கைக்காயை ஃபிரிட்ஜில் போட்டு வைக்காமல் நாளைக்கே சமைத்துவிடு.

அம்மா