ஊரைத் திட்டும் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து ரசிகர்களின் இனவெறிக் கூச்சல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2021-ல் நடந்த யூரோ இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாகா மூவரும் வாங்கிய வசைகள், 2023-ல் வலென்சியா மைதானத்தில் தன்னை ஏசியவனை ரியல் மாட்ரிட்டின் கறுப்பின ஆட்டக்காரர் வினிசியஸ் விரல் நீட்டிக் காட்டியது, எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் கட்டுரை ஆட்டக்காரர்களை விட்டு நகரவே இல்லை. இங்கிலாந்தில் ஆளைத் திட்டும் பாட்டு போக, ஊரைத் திட்டும் பாட்டு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் மான்செஸ்டரை ஒட்டிய ஓல்டாமில் இருக்கிறேன். மருத்துவமனை வேலை. ஊர் அணியான ஓல்டாம் அத்லெட்டிக்கின் பவுண்டரி பார்க் மைதானம் எங்கள் மருத்துவமனைக்கு அடுத்த வாசல் மாதிரி. சனிக்கிழமை மத்தியானம் கார் நிறுத்துமிடத்தில் நின்றால் போதும், கோல் போட்டது யார் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்த ஊரை வைத்து ஒரு வழக்கே நடந்திருக்கிறது. ஓல்டாமுக்கும் போர்ட் வேலுக்கும் நடந்த ஓர் ஆட்டத்தில் போர்ட் வேல் ரசிகர்கள் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, ‘உங்க ஊர் முழுக்க பாக்கிங்கதானே’ என்ற பொருளில் ராகம் போட்டுப் பாடினார்கள். பாகிஸ்தானியர் என்றில்லை, பழுப்பு நிறத்தில் யாரைக் கண்டாலும் இங்கே வீசப்படும் வசை அது. பாடியவர்களில் ஒருவர்மேல் வழக்கு போட்டார்கள். கீழ் நீதிமன்றம் விடுவித்தது. அரசுத் தரப்பு விடவில்லை, மேலே போனது. அது இனவெறிக் கோஷம்தான் என்று 2003-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு நடந்தது 1991-ம் வருடத்துக் கால்பந்துக் குற்றங்கள் சட்டத்தின்கீழ். அந்தச் சட்டம் வந்த புதிதில் இரண்டு பேராவது சேர்ந்து கத்தினால்தான் அது கோஷம். தனியாகக் கத்தினவன் தப்பித்துக்கொள்ளலாம். அந்த ஓட்டையை 1999-ல்தான் அடைத்தார்கள்.

சரி, அந்தப் பாட்டு யாரைப் பார்த்துப் பாடப்பட்டது? தங்கள் அணி ஆடுவதைப் பார்க்க ஓல்டாமிலிருந்து கிளம்பிப் போன ரசிகர்களைப் பார்த்து. அவர்களில் அநேகம் பேர் வெள்ளைக்காரர்கள். உங்கள் அடுத்த தெருவில் பழுப்பு நிறத்தவன் குடியிருக்கிறான் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட அவமானம். உண்மையில் திட்டு வாங்கியவன் மைதானத்திலேயே இல்லை. அந்த நேரத்தில் அவன் ஓல்டாமில் ஆசியர்கள் அதிகமாக வாழும் க்ளாட்விக் பக்கம் ஏதோ ஒரு கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பான். குரங்குச் சத்தம் போடுகிறவன் ஆடுகளத்தில் இருக்கும் ஒருவனைக் குறிவைக்கிறான். இவர்கள் குறிவைத்தது ஒரு ஊரின் குடிக்கணக்கை. இத்தனைக்கும் போர்ட் வேல் இருக்கும் ஸ்டோக் நகரத்திலும் பாகிஸ்தானியக் குடும்பங்கள் ஏராளம்!

அந்தக் குடிக்கணக்கு எப்படி மாறியது என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இருக்காது. ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாகப் பருத்தி நூல் நூற்ற ஊர் ஓல்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மில்கள் தள்ளாட ஆரம்பித்தன. முதலாளிகள் புது இயந்திரங்களை வாங்கிப் போட்டார்கள். போட்ட காசு திரும்ப வேண்டுமானால் இயந்திரம் ராத்திரியும் ஓட வேண்டும். உள்ளூர் ஆண்கள் நைட் ஷிஃப்ட் என்றால் பின்வாங்கினார்கள். பெண்களை ராத்திரி வேலைக்கு வைக்கச் சட்டத்தில் தடை. அந்த இடத்தை நிரப்பத்தான் 1950, 60-களில் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்ப்பூரிலிருந்தும் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மங்களா அணை கட்டியதில் மீர்ப்பூர் பக்கம் சுமார் ஒரு லட்சம் பேர் வீடு, நிலத்தை இழந்திருந்தார்கள் என்பது இதன் இன்னொரு பக்கம். ஆக, ஊரில் வெள்ளைக்காரரும் ஆசியரும் தூங்கும் நேரமே வேறுவேறாக இருந்தது. ஒருவன் மில்லுக்குள் போகும்போது மற்றவன் வெளியே வந்தான். வீடும் அப்படித்தான் பிரிந்தது. நகராட்சி வீடுகளை ஒதுக்கியதில் பாகுபாடு இருந்ததை இன சமத்துவ ஆணையமே 1993-ல் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அப்புறம் மில்களும் போயின. கடைசி மில் 1998-ல் மூடப்பட்டது. வேலை போனது இரண்டு தரப்புக்கும்தான். ஆனால் பழி மட்டும் ஒரு பக்கம் வந்து சேர்ந்தது. இன்று ஊரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஆசிய வம்சாவளி.

இதெல்லாம் வெறும் பாட்டு, இளவட்டங்களின் கிண்டல் என்று சொல்கிறவர்களுக்கு 2001 ஞாபகம் இருக்க வேண்டும். ஏப்ரல் 28 அன்று ஓல்டாமில் ஸ்டோக் சிட்டி அணியோடு ஆட்டம். வந்த ரசிகர்களில் ஒரு கூட்டம் ஆசியர்கள் வாழும் வெஸ்ட்வுட் தெருக்கள் வழியாக இதே மாதிரி கோஷம் போட்டபடி போனது. அங்கே மோதல் வெடித்தது. ஒரே மாதத்தில், மே 26 ராத்திரி, க்ளாட்விக் பற்றி எரிந்தது. கலவரத்துக்குக் காரணம் அந்த ஒரு ஆட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. பல வருடப் புகைச்சல் அது. ஆனால் பாட்டு மைதானத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதில்லை என்று ஊர் பார்த்துவிட்டது. ஜூன் தேர்தலில் ஓல்டாம் மேற்குத் தொகுதியில் தீவிர வலதுசாரியான பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் நிக் கிரிஃபின் 16 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கினார்.

நானே கேட்டதையும் சொல்கிறேன். இதே வட்டாரத்தில் இன்னொரு பழைய மில் ஊர், பெயர் வேண்டாம். நண்பர் ஒருவருக்கு உபரியாக டிக்கெட் கிடைத்தது என்று போயிருந்தேன். விருந்தாளி அணியின் பக்கமிருந்து அந்தப் பாட்டு வந்தது, கொஞ்சம் வார்த்தை மாற்றி. எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்து பதிலுக்குப் பாடினார்கள். என்னவென்று? அவர்களை எங்களுக்கும் பிடிக்காது என்று! தங்கள் ஊரைத் திட்டியதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதில், ஊரில் பாதியைக் கழற்றி விடுவது. என் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. காதுவரை சிவந்துபோய், கோட்டுப் பையிலிருந்து புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதை எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் சொன்னபோது வந்த முதல் பதில், “அது பாகிஸ்தான்காரங்களைச் சொன்னது, நம்மை இல்லை.” கத்துகிறவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்துவதில்லை என்பது இவர்களுக்கு எப்போதுதான் புரியுமோ. 2024 ஆகஸ்டில் குடியேறியவர்களுக்கு எதிராக இங்கே நடந்த கலவரத்தில் சண்டர்லாந்தில் அவசர ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் இருவர்மீது கல்லெறிந்தார்கள். அவர்கள் எந்த மில்லுக்காகவும் வந்தவர்கள் இல்லை. அன்றைக்கு மில்லில் நைட் ஷிஃப்ட். இன்றைக்கு வார்டில் நைட் ஷிஃப்ட். எங்கள் வார்டில் ராத்திரி பத்து மணிக்குக் கேரளம், தமிழ்நாடு, நைஜீரியா, மணிலா எல்லாம் ஒரே மேசையைச் சுற்றி நின்று பொறுப்பு மாற்றிக்கொள்கிறோம்.

பிடிபட்டவனுக்கு மைதானத் தடை போடுகிறார்கள், நல்லது. போடட்டும். ஆனால் தடை போட்டால் காலியாவது ஒரு இருக்கைதான். அதில் க்ளாட்விக் பையன் வந்து உட்கார்ந்துவிட மாட்டான். 2001-ல் பத்து வயதில் ஜன்னல் உடைவதைப் பார்த்தவன் இன்று அப்பன். மகனை ஆட்டத்துக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவன் அவன். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இலவச டிக்கெட் அவனை அசைக்காது. பின்வரிசையில் ஒருத்தன் பாட எழுந்தால் பக்கத்தில் இருக்கும் நாலு பேர் “உட்காருடா” என்பார்கள் என்ற நம்பிக்கை வந்தால் அசைவான். அந்த நாலு பேரைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை; எனக்குக் குறையாகப்பட்டது அதுதான்.

நல்லதும் நடக்கிறது. உச்சத்தில் இருக்கும் பிரீமியர் லீக்கில் ஆடி, பிறகு நாட்டின் முதல் நான்கு அடுக்கு லீக்குகளை விட்டே வெளியே விழுந்த முதல் அணி என்ற கெட்ட பெயர் ஓல்டாமுக்கு 2022-ல் வந்தது. 2025 ஜூனில் லண்டன் வெம்ப்ளியில் சவுத்தெண்ட் அணியை வென்று நான்காம் அடுக்குக்குத் திரும்பி வந்தார்கள். மறுநாள் எங்கள் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் சில்ஹட்காரர் நீலக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, நோயாளிகளுக்கெல்லாம் கோல்களை நடித்துக் காட்டினார். சிஸ்டர் திட்டியும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் நிலைமை வேறு. பார்ன்ஸ்லி அணிக்கு ஆடும் விமல் யோகநாதன் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்தவர். என் மகளுக்கு அவர்தான் எல்லாம். என்றாவது கோப்பைப் போட்டியில் பார்ன்ஸ்லி பவுண்டரி பார்க்குக்கு வந்தால் எந்தப் பக்கத்தில் உட்காருவது என்று இப்போதே தகராறு. நான் ஊர்ப் பக்கம்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஓல்டாம், இங்கிலாந்து