அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை காட்டுங்கள்

விளம்பரம் எழுதச் சொல்லும் முதலாளிகளுக்கும், அவர்கள் சார்பில் ஃபைலை வாங்கிக்கொண்டு போகும் மார்க்கெட்டிங் மேனேஜர்களுக்கும்,

வணக்கம். எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல், தனியாக இருந்து விளம்பர வாசகம் எழுதுகிறவன் நான். பணம் கொடுப்பது நீங்கள், பொருள் உங்களுடையது, வாங்க வருகிறவர்களை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் எழுதிக் கொடுத்ததில் கை வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எது பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன், அதுவும் என் வேலைதான். எனக்குத் தெரியாமல் மாற்றி அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு சத்துமாவுப் பாக்கெட்டுக்கு, "காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, மதியம் வரை பசி தாங்கும்" என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்கு வந்த பாக்கெட்டில், "சர்க்கரை நோயை அடியோடு விரட்டும் அற்புத சத்துமாவு!!!" என்று இருந்தது. விசாரித்தால், டீலர் ஒருவர் சொன்னாராம், முதலாளியின் மகன் வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் நோட் போட்டாராம், டிசைனர் அப்படியே அடித்துவிட்டாராம். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய நம் நாட்டில் அனுமதி கிடையாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் 53-ஆம் பிரிவின்படி, தவறாக நம்பவைக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். பாக்கெட் மேல் இருக்கும் லேபிளும் அந்தச் சட்டத்தில் விளம்பரம்தான். வெளியிட்டவர் மட்டுமல்ல, அதில் பங்கு இருந்தவரும் மாட்டுவார். சரி, அபராதத்தை விடுங்கள். அந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஞ்சி மட்டும் குடிக்கும் ஒரு பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எல்லா மாற்றமும் இவ்வளவு ஆபத்தானது இல்லை. இடம் பத்தவில்லை என்று டிசைனர் பாதி வாக்கியத்தை வெட்டிவிடுவார். பழைய சாஃப்ட்வேரில் யுனிகோட் எழுத்தை ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி, 'கொழுக்கட்டை' என்பது 'ெகாழுக்கட்டை' ஆகிவிடும், அப்படியே ஃப்ளெக்ஸும் அடித்துச் சாலையில் கட்டிவிடுவார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நிமிடம் ப்ரூஃப் பார்த்திருந்தால் போதும். அப்புறம் விளம்பரம் எடுபடவில்லை என்றால் மட்டும் "நீங்கள் எழுதியது சரியில்லை" என்று எனக்குத்தான் போன் வருகிறது.

சட்டமும் இதில் எழுதுகிறவன் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும்கூட, தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக் கேட்கலாம் என்கிறது. மத்திய அரசின் மாநாட்டு அரங்கமான டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயர்த்து எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்ட சிற்பி அமர்நாத் சேகலுக்கு, இந்தப் பிரிவை வைத்துத்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. சிற்பத்தின் மிச்சத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. சத்துமாவு வாசகத்துக்காக நான் கோர்ட் ஏறப் போவதில்லை. ஆனால் சொல்லாமல் செய்வதுதான் அங்கேயும் மனதை அறுத்த விஷயம்.

இனி என் கொட்டேஷனிலேயே எழுதிவிடுகிறேன்: திருத்தங்களை உங்கள் தரப்பில் ஒரே ஆள் தொகுத்துத் தர வேண்டும், இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்துக்குள் அடக்கம், அச்சுக்கு முன் கடைசி ப்ரூஃப் எனக்கு வர வேண்டும். எனக்குக் காட்டாமல் மாற்றினால், அதை நான் எழுதியதாக எங்கும் சொல்லக் கூடாது. ப்ரூஃப் பார்க்கத் தனிக் காசு வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு அனுப்பினாலும் பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஒருவன்