எழுந்து நின்றால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த தேசபக்திக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை கோபத்தோடு, அடுத்த தடவை கொஞ்சம் நிதானமாக. கொடிக்கு வணக்கம் வைக்காதவருக்கு நாட்டுப்பற்று கிடையாது, நாட்டைக் குறை சொல்கிறவர் பிடிக்காவிட்டால் கிளம்பிப் போகலாம் என்று கட்டுரையாளர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். நானும் தேசிய கீதம் கேட்டால் சிலிர்த்துப்போகிற ஆள்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் சிலிர்ப்பை அளவுகோலாக வைத்துப் பக்கத்தில் நிற்பவரை அளக்கலாமா என்பதுதான் கேள்வி.

இதை ஒரு நாடு ஏற்கெனவே சோதித்துப் பார்த்துச் சூடுபட்டிருக்கிறது. 1935-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மைனர்ஸ்வில் என்ற ஊரில், 12 வயது அக்காவும் 10 வயதுத் தம்பியும் கொடிக்கு வணக்கம் வைக்க மாட்டோம் என்றார்கள். யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், கடவுளைத் தவிர வேறு எதையும் வணங்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளி இருவரையும் வெளியே அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1940-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் கட்டுரையாளர் படிக்க வேண்டும். பல ஊர்களில் கும்பல்கள் அந்த மதத்துக்காரர்களைத் தேடித் தேடி அடித்தன, மெய்ன் மாநிலத்தில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்துக்கே தீ வைத்தார்கள். அடித்தவர்கள் எல்லாம் தங்களைத் தேசபக்தர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். (அந்தக் காலத்தில் அங்கே கையை முன்னால் நீட்டித்தான் கொடிக்கு வணக்கம் வைப்பார்கள். ஹிட்லர் ஆட்களின் வணக்கம் மாதிரியே இருக்கிறதே என்று சங்கடப்பட்டு, 1942 டிசம்பரில்தான் நெஞ்சில் கை வைக்கும் முறைக்கு மாறினார்கள்.)

மூன்றே வருடத்தில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. 1943 ஜூன் 14, அவர்களுடைய கொடி நாள். உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது, அவர்களுடைய பிள்ளைகள் போர்முனையில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நேரத்தில், கட்டாயப்படுத்தி யாரையும் கொடிக்கு வணங்க வைக்க முடியாது, எது சரியான தேசப்பற்று என்று எந்த அதிகாரியும் உத்தரவு போட முடியாது என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். அதில் மூன்று பேர் 1940-ல் எதிர்ப்பக்கம் நின்றவர்கள். நாங்கள் செய்தது தவறு என்று போர்க்காலத்தில் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவிலும் கிட்டத்தட்ட இதே கதை நடந்திருக்கிறது. 1985-ல் கேரளத்தில் அதே மதத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாட மட்டும் இல்லை. நீக்கிவிட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்றதே மரியாதைதான், சகிப்புத்தன்மை இந்த நாட்டின் மரபு, அதை நீர்த்துப்போக விடக் கூடாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார்.

சரி, நாட்டைக் குறை சொல்கிறவர் விஷயத்துக்கு வருகிறேன். 1894-ல் பிரான்சில் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை ஜெர்மனிக்கு உளவு சொன்னதாகக் குற்றம் சாட்டித் தீவாந்தரம் அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து, உளவுத்துறைத் தலைவராக இருந்த பிக்கார், உண்மையான குற்றவாளி வேறொருவர் என்று கண்டுபிடித்தார். யூதர்கள் மேல் அவருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது என்பதுதான் இதில் விசேஷம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பதவி உயர்வு வந்திருக்கும். ராணுவத்தின் மானம் போகும், பேசாமல் இரு என்று மேலதிகாரிகள் சொல்லியும் கேட்கவில்லை, துனீசியாவுக்கு மாற்றினார்கள், அப்புறம் சிறையிலும் போட்டார்கள். 1906-ல் டிரைஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பானது, அதே வருடம் பிக்கார் போர் அமைச்சரானார். 'பிடிக்காவிட்டால் கிளம்பு' என்ற சட்டத்தை பிரான்ஸ் அன்று வைத்திருந்தால் முதலில் கிளம்பியிருக்க வேண்டியவர் அவர். ராணுவத்தின் மானத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி டிரைஃபஸுக்கு எதிராகப் பொய் ஆவணம் தயாரித்த அதிகாரியோ அன்றைக்குப் பலருக்கு வீரர்.

கட்டுரையில் வரி கட்டுவது பற்றியும், பொதுச் சொத்தைக் காப்பது பற்றியும், சாட்சி சொல்ல முன்வருவது பற்றியும் ஒரு வரிகூட இல்லை. அதெல்லாம் பார்க்கச் சுவாரசியமாக இருக்காது, படம் பிடித்துப் போட முடியாது, அதனால் விட்டுவிட்டாரோ என்னவோ. இதைச் சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை, கீதத்துக்கு விறைப்பாக எழுந்து நிற்கிற நானே வரியை மிச்சம் பிடிக்க இரண்டு தடவை போலி ரசீது வைத்திருக்கிறேன். யாரும் என்னைக் கிளம்பச் சொல்லவில்லை. போன வருடம் ரசீது வைக்காமல் முழுசாகக் கட்டினேன், மனசு ரொம்பவே வலித்தது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்